துருவக் கடலுக்கு மருந்து போகும் வழி

"துருவக் கடலில் பூச்சிமருந்து இருப்பது அங்கே போகிற கப்பல்களால்தான், நம்ம உசிலம்பட்டிப் பருத்திக்காடு மாதிரி இடங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை" என்று மேலே எழுதியிருப்பது சரியில்லை அண்ணே.

டிடிடி, எண்டோசல்ஃபான் போன்ற பூச்சிமருந்துகள் வெயிலில் ஆவியாகிக் காற்றில் ஏறும். குளிர்ந்த இடத்தில் படியும், சூடு வந்தால் மறுபடி கிளம்பும். இப்படித் தாவித் தாவித்தான் துருவம் வரை போகின்றன. கடல் நீரோட்டமும் கொண்டு சேர்க்கும். 1960-களிலேயே அண்டார்டிகாவின் அடேலி பென்குயின்களின் உடலில் டிடிடி இருந்தது. அங்கே யார் வெள்ளாமை வைத்தார்கள்?

அந்தக் குளிரில் மருந்து லேசில் சிதையாது. கொழுப்பில் தங்கி, மீனில் கொஞ்சம், மீனைத் தின்னும் சீல் என்ற கடல்விலங்கில் இன்னும் அதிகம் என்று ஏறும். சீல் கொழுப்பு உண்ணும், வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் இனத் தாய்மார்களின் தாய்ப்பாலில்கூட அதன் எச்சம் இருந்தது. அதை நினைத்தால்தான் மனசு கனக்கிறது.

அப்புறம், எண்டோசல்ஃபானுக்கு இங்கே 2011-லேயே தடை. பரணில் பழைய டப்பா கிடந்தால் வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள், வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.