இசை விழாவின் வாசலில் நிற்பவர்களையும் கேளுங்கள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் எங்கள் ஊர் இசை விழாவில் சில வருடங்களாக இருக்கை காட்டும் தொண்டராக நின்று வருகிறேன். மேடைக்கு யாரை அழைப்பது, யாருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று வாரக்கணக்கில் கூடிப் பேசும் நாம், வருகிறவர்களை எங்கே அமர்த்துவது என்பதை மட்டும் விழா நாளன்று பிற்பகலில், கைக்குக் கிடைத்த சில பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும். ஒரு விழா யாருக்காக நடக்கிறது என்பதை அழைப்பிதழைவிட நாற்காலி வரிசைகள்தாம் தெளிவாகக் காட்டுகின்றன.

முன்வரிசைகளில் பிரதம அதிதி, விசேட அதிதிகள், அனுசரணையாளர்கள் என்று காகிதம் ஒட்டி வைக்கிறோம். அவர்களில் சிலர் வருவதில்லை. வருகிறவர்களில் பலர் மங்கள விளக்கேற்றி, உரையாற்றி, நினைவுச் சின்னத்தைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் அந்த நாற்காலிகள் காலியாகவே கிடக்க, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த வயதானவர்கள் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். "முன்னால வந்து உக்காருங்க அம்மாயி" என்று கூப்பிட்டால், "வேணாம் தம்பி, அது தொரமாரு உக்கார்ற எடம்" என்று பின்வாங்குகிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நின்றே பேசிப் பழகியவர்களின் தயக்கம் அது. 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, மலையகத் தமிழராக இந்த மண்ணில் நம் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்த சமூகம் நாம். நம்முடைய சொந்த விழாவில் ஒரு பாட்டிக்கு முன்வரிசை நாற்காலியில் அமரத் துணிவு வரவில்லை என்றால், கையைப் பிடித்து அழைத்துப்போய் அமர்த்த வேண்டியது தொண்டரின் கடமை. அந்த அதிகாரத்தை ஏற்பாட்டாளர்கள் தொண்டருக்கு வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும்.

முதலில் வருகிறவர் முன்னால் அமரட்டும், அதுதானே நியாயம் என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நானும் இதை யோசித்துப் பார்த்தேன். நகரத்துக் கடை வீதியில் இருப்பவர் நான்கு மணிக்கே வந்து அமர்ந்துவிடலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணோ பறித்த கொழுந்தின் மாலை நிறுவையை முடித்து, லயத்து வரிசை வீட்டுக்குப் போய்க் குளித்து, பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு பஸ் ஏறி வர வேண்டும். அவர் எவ்வளவு விரைந்தாலும் பிந்தித்தான் வருவார். ஆகவே நாற்காலிகளை ஒதுக்கி வைப்பதாக இருந்தால், நிறுவை முடிந்து வருகிறவர்களுக்காகத்தான் ஒதுக்க வேண்டும். அதிதிகளுக்கு ஒரே ஒரு வரிசை போதும். அதையும் விளக்கேற்றி முடிந்தவுடன் திறந்துவிடலாம்.

இதில் என் மனதை மிகவும் உறுத்துவது தப்பு மேளமும் காமன் கூத்தும் மேடையேறும் நேரம்தான். மாசியில் கம்பம் நட்டு, காமன் தகனம் வரை காமன் பொட்டலில் கூத்து ஆடும்போது ஊர் முழுவதும் சுற்றி நிற்கும். வட்டத்தில் முன்வரிசை என்று தனியாக ஒன்று யாருக்கும் எழுதி வைக்கப்படவில்லை; குழந்தைகள் தரையில் அமர்வார்கள், ஆடுகிறவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவே மேடையின் உயரம் இருக்காது. அதே கலையை மண்டபத்துக்குள் கொண்டுவந்து, அதை வளர்த்த மனிதர்களைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. கூத்து நடக்கும் நேரத்திலாவது முதல் சில வரிசை நாற்காலிகளை எடுத்துவிட்டு, பாய் விரித்து, மேடைக்குக் கீழேயே ஆடவிடலாம். தப்பின் தோலைக் காய்ச்சுவதற்கும் இடம் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலுள்ள இந்தப் பனியில் தோல் விரைவில் தளர்ந்துவிடுகிறது. கலைஞர்கள் அடிக்கடி வெளியே போய் நெருப்பில் காட்டித்தான் வர வேண்டும். அவர்கள் போய்வரும் பக்கவாசலில் கூட்டம் அடைக்காமல் பார்ப்பதும், அந்த இடைவெளியிலேயே பிந்தி வந்தவர்களை உள்ளே விடுவதும் வாசலில் நிற்பவர் அறிந்திருக்க வேண்டிய தொழில். கர்நாடக இசைக்கும் இது பொருந்தும். ஆலாபனை நடுவில் யாரையும் நடக்கவிடாமல், பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது விட்டால் பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நிம்மதி.

மழையில் நனைந்த குடைகளுக்கு வாசலில் ஓர் இடம், கைக்குழந்தையோடு வந்த தாய்க்கு வழியோரத்து நாற்காலி, சிறிய கைவிளக்கு ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை.

கடைசி பஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மேடையில் இருப்பவர்களுக்கு விளக்கொளியில் கூட்டம் தெரியாது. யார் எப்போது எழுந்து போகிறார்கள் என்பது வாசலில் நிற்பவருக்குத்தான் தெரியும். நீண்ட உரைகள் முடிந்து கூத்து தொடங்கும் நேரத்தில் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸுக்காக மக்கள் எழுந்துகொள்வதைப் பார்க்கிறேன். முச்சக்கர வண்டி பிடித்துப் போகுமளவுக்கு அவர்களுடைய நாட்கூலி இடம் கொடுப்பதில்லை. அடுத்த விழாவுக்கான முதல் கூட்டத்திற்கே தொண்டர்களில் இருவரை அழைக்க வேண்டும் என்றும், கூத்தை முதலிலும் உரைகளைக் கடைசியிலும் வைக்க வேண்டும் என்றும் ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் கேட்கப்போகிறேன். உங்கள் ஊர் விழாக்களில் தொண்டராக நிற்கும் தம்பி தங்கைகளும் இதையே கேளுங்கள்.