தராசில் நிற்பதற்கு முன்னால்

குதிரைப் பந்தயம் பற்றிய உங்கள் கட்டுரையில், பந்தயத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கியை, அதாவது குதிரை ஓட்டுகிறவரை, சேணத்தோடு எடை போடுவதை நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். குதிரைக்குக் குறித்த எடையை விடக் குறைந்தால் சேணத்துணிப் பையில் ஈயத்தகடு வைக்கலாம். கூடினால்? உடம்பைத்தான் உருக்க வேண்டும். கட்டுரை அதைத் தொடவே இல்லை.

எங்கள் அத்தை பையன் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் குதிரை பார்த்தே வளர்ந்தவன். ஜாக்கி ஆனான். ஊருக்கு வந்தாலும் சித்திரை வெயிலில், ஸ்வெட்டர் மேல் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு வாய்க்கால் மேட்டில் ஓடுவான். அத்தை தண்ணிச் சொம்பை நீட்டினால் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுவான். "ஒரே ஒரு மடக்கு முழுங்கு சாமி" என்று அவங்க கெஞ்சுவாங்க. உதடு வெடித்து ரத்தம் கசியும்.

இங்கிலாந்தில் 13 முறை சாம்பியன் ஜாக்கியான ஃபிரெட் ஆர்ச்சர், பட்டினியிலும் காய்ச்சலிலும் தளர்ந்து 1886இல் தற்கொலை செய்துகொண்டார். வயது 29. அந்த நாட்டில் ஜாக்கிகள் வியர்த்து எடை குறைக்கப் பந்தய மைதானங்களில் இருந்த நீராவிக் குளியல் அறைகளை 2021இல் நிரந்தரமாக எடுத்தே விட்டார்கள்.

இங்கேயும் தராசில் ஏற்றுவதற்கு முன் உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வறண்டிருந்தால் அன்றைக்குக் குதிரை ஏற விடவே கூடாது. மயங்கி விழுகிறவன் மேல்தான் பின்னால் வரும் குதிரைகளின் குளம்பு படும்.