குளத்துச் சேற்றுக்குத் தீனி போடாதீர்கள்

எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்சாப் குழுவில் ஒரு வாரமாக ஒரே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் பொதுவேலை, குடும்பத்தோடு வந்து மண் உருண்டை பிடிக்க வேண்டும், காய்ந்ததும் வெள்ளத் தடுப்புக் குளத்தில் வீச வேண்டும். பினாங்குக்காரர்களுக்கு இது புதிதில்லை. 2009 ஆகஸ்டில் இதே மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உருண்டைகளைத் தண்ணீரில் எறிந்தோம். மண், தவிடு, அதோடு 'நல்ல' நுண்ணுயிர்க் கரைசல். போட்டால் நாற்றம் போகும், சேறு கரையும், விஷத்தையெல்லாம் கிருமி தின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. நான் வரவில்லை, அந்தச் சேற்றில் பாதரசமும் இருக்கலாம் என்று எழுதினேன். உடனே ஓர் அண்ணன், "அதையும் கிருமி தின்னுட்டுப் போகட்டுமே தம்பி, உனக்கென்ன?" என்றார். குழுவில் எழுதினால் 'குட் மார்னிங்' படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாதரசத்தை எந்தக் கிருமியும் தின்று தீர்க்காது அண்ணே. அது ஒரு தனிமம். உயிர்கள் அதன் உருவத்தை மாற்றலாம், அழிக்க முடியாது. எந்த உருவமாக மாற்றுகின்றன என்பதில்தான் நம்முடைய தலையெழுத்து இருக்கிறது.

ஒரு சாரார் நமக்கு உதவுகிறவர்கள். 'மெர்' என்ற மரபணுத் தொகுதி உள்ள பாக்டீரியாக்கள் பாதரச உப்பை ஆவியாக்கி வெளியே தள்ளிவிடும். பத்திரிகைகளில் 'பாதரசம் தின்னும் பாக்டீரியா' என்று தலைப்பு வருவது இவற்றைப் பற்றித்தான். அப்படிப் போன ஆவியும் ஒழிந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில் காற்றில் சுற்றி வேறு யாருடைய ஊரிலோ மழையோடு இறங்கும்.

இன்னொரு சாரார் அடிச்சேற்றில் இருக்கிறார்கள். அங்கே ஆக்சிஜன் கிடையாது. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல் அவை சல்பேட்டையோ இரும்பையோ சுவாசித்து வாழ்கின்றன. சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம், சல்பேட்டைச் சுவாசிப்பவை விட்ட மூச்சு. இந்தக் கூட்டத்தில் சில, பாதரசத்தோடு ஒரு மெத்தில் குழுவை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) சேர்த்து, உடலில் எளிதில் ஏறும் கொடிய விஷமான மெத்தில் பாதரசமாக்கிவிடும். சேற்று நுண்ணுயிர்கள் இதைச் செய்கின்றன என்று ஸ்வீடனின் ஜென்சனும் யெர்னலோவும் 1969இல் காட்டினார்கள். எந்த மரபணுக்களால் முடிகிறது என்று கண்டுபிடிக்க 2013 வரை ஆனது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தினர் கண்டுபிடித்த அந்த ஜோடிக்கு எச்ஜிசிஏ, எச்ஜிசிபி என்று பெயர். இதனால் அந்தக் கிருமிக்கு என்ன லாபம் என்பது இன்னும் புதிர்தான். பாதரசத்திலிருந்து அதற்குப் பாதுகாப்புகூடக் கிடைப்பதில்லை.

பாதரச மீனைத் தின்று மக்கள் நஞ்சேறிய ஜப்பானின் மினமாட்டாவைச் சொல்லி எச்சரிப்பவர்களும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே ஆலைக் கழிவிலேயே மெத்தில் பாதரசம் கலந்து வந்தது. ஏரிகளில் அப்படி யாரும் கொண்டுவந்து கொட்டத் தேவையில்லை, சாதாரணப் பாதரசம் இருந்தால் போதும், மீதி வேலையைச் சேறு பார்த்துக்கொள்ளும்.

தாமான் குளத்துக்குப் பாதரசம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். உலகில் மனிதர் காற்றில் விடும் பாதரசத்தில் மிகப் பெரிய பங்கு சிறு தங்கச் சுரங்கங்களுடையது, அடுத்தது நிலக்கரிப் புகை. காற்றுக்கு எல்லையில்லை. அப்புறம் உடைந்த குழல்விளக்குகள். முகத்தை வெள்ளையாக்கும் கிரீம்கள். பாதரசம் கலந்த கிரீம்களைப் பெயர் சொல்லிச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. நம் பெண்கள் ஆன்லைனில் வேறு பெயரில் வாங்குகிறார்கள். முகம் கழுவிய தண்ணீர் எங்கே போகும்? எல்லாம் சேர்ந்தாலும் அளவு கொஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொஞ்சத்தை ஆபத்தாக்குவது எது என்பதுதான் என் கேள்வி. என் பதில்: சோறும் எண்ணெயும். உணவுக்கடைக் கழிவு குளத்தில் சேர்ந்தால் அதை மட்க வைக்கும் கிருமிகள் ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்த்துவிடும். அடியில் காற்றில்லாக் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். சாக்கடைப் பிரச்சினை வேறு, பாதரசப் பிரச்சினை வேறு என்று இரண்டு கோப்பாக வைத்திருக்கிறோம். சேற்றில் இரண்டும் ஒரே கோப்பு.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஒனொண்டாகா ஏரியைப் பாருங்கள். 1946 முதல் 1970 வரை குளோரின் ஆலைகளிலிருந்து சுமார் 75 டன் பாதரசம் அதற்குள் போனது. 2004இல் அந்த நகரத்தின் கழிவுநீர் நிலையத்தை மேம்படுத்தினார்கள். நோக்கம் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது, பாதரசத்தை யாரும் நினைக்கவில்லை. ஆனால் நைட்ரேட் கூடக்கூட ஏரி ஆழத்தில் மெத்தில் பாதரசம் குறைந்தது. காரணம் எளிது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சல்பேட்டைவிட நைட்ரேட் லாபமான மூச்சு. அது இருக்கும்வரை சல்பேட் கூட்டம் தலையெடுக்க முடியாது. 2011இலிருந்து படகில் எடுத்துப் போய் நைட்ரேட் கரைசலை வேண்டுமென்றே ஆழத்தில் விட ஆரம்பித்தார்கள். பாதரசம் அங்கேயே கிடந்தது, கிருமிகளின் சாப்பாட்டு மேசைதான் மாறியது. (நாளைக்கே உர மூட்டையோடு குளக்கரைக்கு வந்துவிடாதீர்கள், நம் குளத்தில் பாசிதான் பொங்கும்.)

இப்போது உருண்டைக்கு வருவோம். ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் தவிட்டைக் கொண்டுபோய் இறக்குகிறோம். யாருக்கு விருந்து வைக்கிறோம் என்று தெரியாமலே. நம்மோடு போகும் 'நல்ல' கிருமி அந்த இருட்டில் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும், அந்த இடம் ஏற்கெனவே யாருடைய வீடு என்று பிரசாரம் செய்கிறவர்கள் யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

எனக்குப் பெரிய கவலை மீன். மெத்தில் பாதரசம் பாசியிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து சிறு மீனுக்கு, அங்கிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும். கொன்று தின்னும் மீனில் அது தண்ணீரில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குகூட இருக்கலாம். கொழுப்பில் இல்லை, தசையில் ஒட்டிக்கொள்வதால் தோலை உரித்தாலும் போகாது, புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் போகாது. நம் உடலில் ஓர் அமினோ அமிலம்போல் வேடமிட்டு மூளைக்குள்ளும் கருவுக்குள்ளும் நுழையும். நம் குளத்தில் மாலையில் தூண்டில் போடுகிறவர்கள் விரும்பிப் பிடிப்பது எதை? ஹாருவான், அதாவது விரால். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் புண் ஆறட்டும் என்று விரால் சூப் வைத்துக் கொடுப்பது நம் வீடுகளிலும் உண்டு. விரால் கொன்று தின்னும் மீன். பண்ணையில் வளர்த்ததை வாங்கிக் கொடுங்கள், சாக்கடைக் குளத்தில் பிடித்ததை வேண்டாம்.

சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு ஆறு விஷயங்களைக் கணக்கில் எடுக்கிறது: கரைந்த ஆக்சிஜன், இரண்டு வகை ஆக்சிஜன் தேவை (கழிவைக் கிருமிகள் மட்க வைக்க எவ்வளவு வேண்டும், வேதிமுறையில் சிதைக்க எவ்வளவு வேண்டும் என்பது), அமோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள், அமிலத்தன்மை. பாதரசம் அந்தக் கணக்கில் வராது. நான் கேட்பது, இந்த மாதிரிக் குளங்களில் நாலு விராலைப் பிடித்துத் தசையில் மெத்தில் பாதரசத்தை அளந்து பலகையில் எழுதி வையுங்கள் என்பதுதான்.

'குளம் ஒருமுறை கெட்டால் கெட்டதுதான்' என்ற பேச்சும் சரியில்லை. கனடாவில் 658 என்ற எண்ணுள்ள ஏரியில் 2001 முதல் 2007 வரை அடையாளமிட்ட பாதரசத்தை ஆய்வாளர்களே சேர்த்து, பிறகு நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்திய எட்டு ஆண்டுகளில் பெரிய மீன்களில் அந்தப் புதுப் பாதரசம் 38 முதல் 76 விழுக்காடுவரை குறைந்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை உருண்டை பிடிக்க நான் வரவில்லை. குளத்துக்கு மேலே இருக்கும் உணவுக்கடை வரிசைக்குப் போகிறேன், யார் யாரிடம் எண்ணெய் பிடிக்கும் தொட்டி இருக்கிறது, அதை வழிப்பது யார் என்று கேட்க. மலாயும் சீனமும் என்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் கூட வந்தால் நல்லது. காலை எட்டு மணிக்கு ரோட்டி சானாய் வேலை முடிந்திருக்காது, பத்து மணிக்குப் போகலாம்.