ஊதா கலர அவசரமா தாண்டிப் போயிடாதீங்க

கிறிஸ்துமஸுக்கு முன்னாடி காத்திருக்கற நாலு வாரந்தான் திருவருகைக் காலம். அதோட மொதல் ஞாயிறு பூசைக்குப் போனவங்க கவனிச்சிருப்பீங்க, ஃபாதர் ஊதா உடுப்புல வந்தாரு, பீடத்துல பூ கொறைச்சல், ‘உன்னதங்களிலே’ன்னு ஆரம்பிக்கற வானவர் கீதம் பாடவே இல்ல. திருச்சபைக்கு அன்னைக்குத்தான் புது வருஷப் பொறப்பு. ஆனா கோயில விட்டு வெளிய வந்தா தெரு முழுக்க ஸ்டாரு, ஸ்பீக்கர்ல கிறிஸ்துமஸ் பாட்டு, பத்து பதினஞ்சு தேதிக்குள்ள கேக் வெட்டி வாழ்த்தும் சொல்லி முடிச்சிடறோம், அப்புறம் 26ஆம் தேதி காலைல எல்லாத்தையும் கழட்டி பரண்ல ஏத்திடறோம், உண்மையான கிறிஸ்துமஸ் காலம் ஆரம்பிச்சு அப்ப ஒரு நாள்தான் ஆகியிருக்கும்! இத பத்தி ரொம்ப நாளா மனசுல ஒரு ஆதங்கம் இருக்கு.

ஸ்டார் போடாதீங்கன்னு சொல்ல வரல. எனக்கும் ஸ்டார் பிடிக்கும். நான் சொல்றது, இந்த நாலு வாரம் தனியா ஒரு காலம், ஏங்கறதுக்கு காரணம் இருக்கறவங்களோட காலம், அத கிறிஸ்துமஸுக்கு ரிகர்சல் மாதிரி ஆக்கிட்டோம்னா அவங்களோட எடத்த நாம எடுத்துக்கறோம்.

வானவர் கீதத்தையே எடுத்துக்கங்க. பெத்லகேம் வயல்வெளில இடையர்களுக்கு முன்னாடி தூதர்கள் பாடினதுல ஆரம்பிக்கற பாட்டு அது. டிசம்பர் 8 அமலோற்பவ மாதா திருநாள் மாதிரி பெருவிழா, விழா நாளத் தவிர மத்த நாள்ல அத பாடாம வச்சிருந்து, 24 ராத்திரி பூசைல மணியடிச்சு பாடும்போது உடம்பே சிலிர்க்குமே, அதுக்குத்தான் இந்த மௌனம். அதே சமயம் தவக்காலத்துல நிறுத்தற அல்லேலூயாவ இப்ப நிறுத்தறதில்ல. அதனால ஊதான்னாலே துக்கம்னு நினைக்க வேணாம், நம்பிக்கையோட காத்திருக்கறதுக்கும் அதே கலர்தான்.

அடுத்து, ஞாயிறுக்கு ஒண்ணா நாலு திரி ஏத்தற அந்த மெழுகுதிரி வளையம். இப்ப நம்ம பங்குகள்ல பிளாஸ்டிக் தழை சுத்தி ரிப்பன் கட்டி வைக்கறோம், நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்புன்னு ஒவ்வொரு திரிக்கும் ஒரு பேரு சொல்றோம், சில எடத்துல இறைவாக்கினர் திரி, பெத்லகேம் திரி, இடையர் திரி, வானதூதர் திரின்னு சொல்வாங்க, ரெண்டுமே புழக்கத்துல இருக்கறதுதான். ஆனா அது எங்க ஆரம்பிச்சதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெர்மனில ஹாம்பர்க் நகரத்துல யோஹான் ஹின்ரிச் விச்செர்ன்னு ஒரு லூத்தரன் இறையியலாளர், 1833ல ஏழைப் பிள்ளைங்களுக்காக ஒரு இல்லம் ஆரம்பிச்சாரு. கிறிஸ்துமஸ் எப்ப வரும் எப்ப வரும்னு அந்தப் பசங்க கேட்டுக்கிட்டே இருந்ததால 1839ல ஒரு வண்டிச் சக்கரத்துல ஞாயிறுக்கு பெரிய வெள்ளைத் திரி நாலு, மத்த நாளுக்கு சின்ன சிவப்புத் திரின்னு வச்சு தினம் ஒண்ணா ஏத்த வச்சாரு. பச்சைத் தழையெல்லாம் பின்னாடி சேர்ந்ததுதான். கத்தோலிக்கக் கோயில்களுக்குள்ள வந்தது அதுக்கும் ரொம்ப காலம் கழிச்சு. அதாவது போக்கிடம் இல்லாத பிள்ளைங்க நாள் எண்ணறதுக்காக வந்த வெளிச்சம் அது. இத தெரிஞ்சுக்கிட்டதுலேர்ந்து வளையத்த வெறும் அலங்காரமா என்னால பாக்க முடியல.

மூணாவது ஞாயிறுக்கு வருவோம். ரோஸ் திரி, ரோஸ் உடுப்பு, மகிழ்ச்சியின் ஞாயிறு. மூணு வருஷச் சுழற்சில மத்தேயு நற்செய்தி வாசிக்கற வருஷத்துல அன்னைக்கு நற்செய்தி என்னன்னு பாருங்க. திருமுழுக்கு யோவான் ஜெயில்ல கெடக்காரு. ஆத்தோரமா நின்னு ‘அவர் வர்றாரு’ன்னு ஊருக்கே சத்தம் போட்ட மனுஷன், இப்ப சீடர்கள அனுப்பி வரப்போறவர் நீர்தானா, இல்ல வேற ஒருத்தருக்காக நாங்க காத்திருக்கணுமான்னு கேக்கறாரு. மகிழ்ச்சி ஞாயித்துக்கிழமைல இந்தக் கேள்விய வச்சிருக்காங்களே, எவ்ளோ நேர்மை! இயேசுவும் கோவப்படல, பார்வையில்லாதவங்க பாக்கறாங்க, நடக்க முடியாதவங்க நடக்கறாங்க, ஏழைங்களுக்கு நற்செய்தி சொல்லப்படுதுன்னு போய்ச் சொல்லுங்கன்னுதான் அனுப்பறாரு. ஆஸ்பத்திரி வராண்டால ரிசல்ட்டுக்கு காத்திருக்கறவங்க, கடலுக்குப் போன ஆள் இன்னும் கரை சேரலன்னு நிக்கற குடும்பம், இவங்களுக்கு யோவானோட கேள்வி நல்லாவே புரியும். டிசம்பர் முழுக்க ‘ஹேப்பி ஹேப்பி’ன்னு நாம பாடிக்கிட்டே இருந்தா அவங்க கோயில்ல எங்க போய் உக்காருவாங்க?

மரியாவோட பாட்டும் அப்படித்தான். டிசம்பர் 22 பூசைல வரும். மாசமா இருக்கற ஒரு கிராமத்துப் பொண்ணு, அதிகாரத்துல இருக்கறவங்கள கடவுள் எறக்கிவிட்டாரு, பசிச்சவங்க வயித்த நெறைச்சாரு, பணக்காரங்கள வெறுங்கையோட அனுப்பிட்டாருன்னு பாடுது. நாம அத தாலாட்டு மாதிரி மெதுவா பாடிட்டுப் போயிடறோம்.

என்ன பண்ணலாம்னு கேட்டா, எனக்குத் தோணறது இதுதான். குடில் கட்டுங்க, தீவனத்தொட்டி மட்டும் 24 ராத்திரி வரைக்கும் காலியா இருக்கட்டும். கேரல் ரவுண்ட்ஸ 17ஆம் தேதிக்கு மேல வச்சுக்கங்க, அப்பதான் திருவழிபாடே கிறிஸ்து பிறப்பு பக்கம் நேரடியா திரும்புது. அந்த 17லேர்ந்து 23 வரைக்கும் மாலை செபத்துல கிறிஸ்துவ தினம் ஒரு பேர சொல்லி கூப்பிடற பழைய முன்மொழிகள், அதாவது பாட்டுக்கு முன்னாடி சொல்ற சின்ன வரிகள், ஏழு இருக்கு, ஞானமேன்னு ஆரம்பிச்சு எம்மானுவேலேன்னு முடியும். 20ஆம் தேதிக்குள்ளது, தாவீதின் திறவுகோலே, இருட்டுல உக்காந்திருக்கற கைதிய சிறைலேர்ந்து வெளிய கொண்டுவாரும்னு கேக்குது. எங்க அன்பியத்துல, அதாவது பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து செபிக்கற குழுவுல, இந்த ஏழையும் ஏழு வீட்ல ராத்திரி ஏழரை மணிக்கு சொல்லலாம்னு பேசி வச்சிருக்கோம், படுத்த படுக்கையா இருக்கறவங்க வீட்டுக்குத்தான் மொதல்ல போறோம். வேற பங்குல யாராச்சும் இப்படி செய்யறீங்கன்னா எப்படி நடத்தறீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க.