தாஹோ ஏரியின் காற்றுக்கு ஏக்யூஐ மட்டும் போதாது

அமெரிக்காவில் கலிபோர்னியா, நெவாடா எல்லையில் உள்ள தாஹோ ஏரி என்றாலே எல்லோரும் தண்ணீரின் தெளிவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1968 முதல் ஒரு வெள்ளைத் தட்டை நீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துவருகிறார்கள். அருமையான வேலை. அதற்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது மேலே நிற்கும் காற்றுக்கும் கிடைக்க வேண்டும். பாசியை வளர்த்துத் தண்ணீரைக் கலங்கவைக்கும் நைட்ரஜனில் பாதிக்கு மேல் ஏரிக்குக் காற்று வழியாகத்தானே வருகிறது!

பலரும் கைபேசியில் ஏக்யூஐ எனும் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்து, பச்சை என்றால் நல்ல காற்று என்று முடித்துவிடுகிறார்கள். அது நுரையீரலுக்கான கணக்கு, கண்ணுக்கான கணக்கு வேறு. துகளே இல்லாத மலைக்காற்றில் ஏறக்குறைய 390 கிலோமீட்டர் வரை பார்க்க முடியும். ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் விறகுப்புகை கலந்தாலே அது 130 கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அப்போதும் ஏக்யூஐ பச்சைதான், ஏனென்றால் அமெரிக்கக் கணக்கில் இப்போது நுண்துகள் 9 மைக்ரோகிராம் வரை 'நல்லது'.

தாஹோ வட்டாரத் திட்டமிடல் முகமை பார்வைத் தூரத்துக்கென்றே தனி இலக்கு வைத்திருப்பது அதனால்தான். பாதி நாட்களாவது 156 கிலோமீட்டர், நூற்றுக்குத் தொண்ணூறு நாட்களில் 115 கிலோமீட்டர் தெரிய வேண்டும். இதற்கான அளவீடு ஏரியின் மேற்குப் பக்கத்தில் உள்ள பிளிஸ் மாநிலப் பூங்காவில் நடக்கிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை 24 மணி நேரம் காற்றை ஃபில்டரில் இழுத்து, சல்பேட், நைட்ரேட், கரிமம், மண்தூசி என்று பிரித்துப் பார்க்கிறார்கள். எது காற்றைக் கெடுக்கிறது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் முறை இல்லை.

ஆனால் பிளிஸ் ஏரியைவிட உயரமான, மரங்கள் சூழ்ந்த மேடு. குளிர்கால இரவில் குளிர்ந்த காற்று கீழே தேங்கி, அதன்மேல் சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடும். வீடுகளின் விறகடுப்புப் புகையும், பனிச்சாலையில் தூவிய மணல் அரைபட்டு எழும் தூசியும் கரையோரக் குடியிருப்புகளிலேயே சுற்றும். அது மேட்டு நிலையத்துக்கு எட்டாமலே போகலாம், எட்டினாலும் 24 மணி நேரச் சராசரியில் கரைந்துவிடும்.

அப்புறம் காட்டுத்தீ. 2021-இல் கால்டர் தீயால் சவுத் லேக் தாஹோ நகரமே காலி செய்யப்பட்டது. பூங்காக்களின் பார்வைத் தூரத்தைக் காக்க 2017-இல் திருத்திய கூட்டாட்சி விதி, காட்டுத்தீப் புகை மிகுந்த நாட்களை விட்டு, மனிதர்களால் அதிகம் கெட்ட நாட்களையே முக்கியமாகக் கணக்கில் எடுக்கிறது. தொழிற்சாலையையும் வாகனத்தையும் பொறுப்பாக்க அது நியாயமான வழிதான். ஆனால் அங்கே வாழ்பவர்கள் மூச்சுவிட்டது முழுக் காற்றையும். தீ நாட்கள் சேர்த்த கணக்கும் சேர்க்காத கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் வெளியாக வேண்டும்.

குடியிருப்புகளுக்கு நடுவே மணிக்கு மணி ஒளிச்சிதறலை அளக்கும் நெஃபலோமீட்டர்கள் வேண்டும். அவை தரும் எண்ணை 'இன்று இத்தனை கிலோமீட்டர் தெரிகிறது' என்று ஏக்யூஐ-க்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். விறகடுப்பு விதிகளைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் பேசும்போது மேட்டு நிலையத்தின் சராசரியை நீட்டாமல், அந்த எண்ணை முன்னால் வைத்துப் பேசட்டும்.