பாதிச் சவரம்

(பாளையங்கோட்டையில் ஒரு சலூன். சனிக்கிழமை காலை பத்தரை மணி. நாற்காலியில் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் தம்பி. வலது கன்னம் வழித்தாயிற்று, இடது கன்னத்தில் நுரை. அண்ணாச்சியின் கையில் கத்தி. அவருடைய ஒரு கண் தாடியில், இன்னொரு கண் சுவரில் மாட்டிய டி.வி.யில் ஓடும் சினிமாவில். கத்தி எந்தக் கண்ணை நம்பிப் போகிறது என்பது தம்பியின் கவலை.)

அண்ணாச்சி: கேட்டியா தம்பி, அந்தப் பையன் என்ன சொன்னான்?

தம்பி: தலையை ஆட்டக் கூடாது என்று உத்தரவு. நான் கண்ணாடியில் காலண்டர் பார்த்துக்கொண்டிருக்கிறேன் அண்ணாச்சி.

அண்ணாச்சி: 'ஏலே' என்கிறான். பெற்ற தகப்பனை! நம்ம வீட்டில் அப்படிக் கூப்பிட்டால் ராத்திரிச் சோறு கிடைக்குமா? 'லே' என்பது இளையவனுக்கு, கூடப் படித்தவனுக்கு. ஒத்த வயசுக்காரர், ஆனால் கொஞ்சம் மரியாதையும் வேணும் என்றால் 'வே'. 'வாரும்வே, இரும்வே.' அதுக்கும் மேலே போனால் அண்ணாச்சி. இத்தனை படி இருக்கிறது. சினிமாவில் எல்லாரும் ஒரே படியில் நின்று 'ஏலே, ஏலே' என்கிறார்கள்.

தம்பி: வசனம் எழுதினவர் ரயிலில் நாகர்கோவில் போயிருப்பார். ஜங்ஷனில் வண்டி நின்றபோது ஒரு 'ஏலே' காதில் விழுந்திருக்கும்.

அண்ணாச்சி: அத்தனை நேரம் நிற்கிற வண்டியில் ஒரு 'வே' கூடவா விழவில்லை? இந்தா, பாட்டு வந்துவிட்டது. பின்னால் பார், அருவி. கதை நடக்கிற ஊர் திருநெல்வேலி. அருவி எந்த ஊர்?

தம்பி: பார்க்காமலே சொல்கிறேன். குற்றாலம்.

அண்ணாச்சி: அது இப்போ எந்த மாவட்டம்?

தம்பி: தென்காசி.

அண்ணாச்சி: 2019-ல் போச்சு. அதுக்கு முன்னாடி, 1986-ல், தூத்துக்குடி தனியாகப் போச்சு. துறைமுகம் அங்கே, திருச்செந்தூர் முருகன் அங்கே. குற்றாலச் சாரலும் சங்கரன்கோவில் ஆடித்தபசும் தென்காசிப் பக்கம் போச்சு. நமக்கு என்ன மிச்சம்?

தம்பி: என்ன?

அண்ணாச்சி: அல்வா.

(தம்பி சிரிக்கிறார். அண்ணாச்சி தாடையைப் பிடித்து நிறுத்துகிறார்.)

அண்ணாச்சி: சிரிக்காதே, கன்னம் ஆடுது. நெல்லையப்பர் இருக்கிறார், பாபநாசம் அணை இருக்கிறது, மாஞ்சோலை இருக்கிறது. இதெல்லாம் டி.வி.யில் வராது. நம்ம ஊர்க்காரன் திரையில் வந்தால் கையில் ஒரு அல்வாப் பொட்டலம். இல்லையா, எவனோ எவனையோ ஏமாற்றியிருப்பான், 'அல்வா கொடுத்துட்டான்' என்பார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அல்வா கிண்டிப் பார்த்திருக்கிறாயா?

தம்பி: தின்று பார்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி: சம்பா கோதுமையை ஊறப்போட்டு, அரைத்து, பால் பிழிந்து, அதைப் புளிக்க வைத்து, சீனிப் பாகில் ஊற்றி, நெய்யை விட்டு விட்டு, தோள்பட்டை கழன்று விழுகிற வரைக்கும் கிண்டணும். போட்ட நெய்யை அது கக்குகிற வரைக்கும் கரண்டியை விடக் கூடாது. ஒருத்தனை ஏமாற்ற இவ்வளவு பாடுபடுவானா எவனாவது?

தம்பி: சென்னை ஆபீசில் பதினேழு பேர் அண்ணாச்சி. நான் ஊருக்கு லீவு கேட்டால் 'எதுக்கு, எத்தனை நாள்' என்று ஒருத்தரும் கேட்பதில்லை. 'எத்தனை கிலோ' என்றுதான் கேட்கிறார்கள்.

(விளம்பரம். அண்ணாச்சி சேனலை மாற்றுகிறார். ஏதோ ஒரு சீரியல். இடது கன்னத்து நுரை காய ஆரம்பிக்கிறது.)

அண்ணாச்சி: இதைப் பார். சாப்பாட்டு மேஜை. நாலு இட்லி, சட்னி மூன்று தினுசு. இப்போ மருமகள் எழுந்து போவாள், பாரு.

தம்பி: போயிட்டாளா?

அண்ணாச்சி: ஒரு விள்ளல் கூட வாயில் வைக்கவில்லை. நானும் வருஷக்கணக்காகப் பார்க்கிறேன், சீரியலில் ஒருத்தரும் ஒரு வேளை முழுசாகச் சாப்பிட்டதில்லை. பரிமாறுவார்கள், சண்டை போடுவார்கள், எழுந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரி இதைப் பார்த்துக்கொண்டே ரெண்டு தட்டு காலி செய்கிறாள்.

தம்பி: அந்த மேஜையில் ஒரு நாள் நம்ம தேங்காய்ப்பால் சொதி வைக்கச் சொல்லுங்கள். கதை அன்றைக்கே முடிந்துவிடும்.

அண்ணாச்சி: சரியாகச் சொன்னாய். மறுவீட்டுக்குச் சொதி வைத்தால், கல்யாணத்தில் முறைத்துக்கொண்டு நின்ற சம்பந்திமார் கூட இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் தின்பார்கள். மூன்றாம் பாலில் காய் வெந்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி இறக்கினால், அந்த வாசத்துக்கு எவள் எழுந்து போவாள்?

தம்பி: அண்ணாச்சி, இடது கன்னம்...

அண்ணாச்சி: இரு, அவசரப்படாதே. நான் டி.வி. பார்த்த காலம் உனக்குத் தெரியாது. அப்போ திசையன்விளையில் இருந்தோம். இலங்கையில் ரூபவாகினி டி.வி. 1982-ல் ஆரம்பித்தான். எங்க தெருவில் ஒரு வீட்டில்தான் பெட்டி. மாடியில் தென்னை உயரத்துக்குக் குழாய், அதன் உச்சியில் ஆண்டெனா. என் வேலை மாடியில் நின்று அதைத் திருப்புவது. 'தெரியுதாலே?' என்று நான் மேலேயிருந்து கத்துவேன். 'தெரிஞ்சுது, போயிட்டு!' என்று கீழேயிருந்து பதில் வரும்.

தம்பி: அப்போ நீங்கள் படம் பார்த்ததே இல்லையா?

அண்ணாச்சி: காற்று இல்லாத அன்றைக்குப் பார்ப்பேன். திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக, அரிசி புடைக்கிற மாதிரி இருக்கும். தமிழ்ப் படம் வரும் வரைக்கும் சிங்களச் செய்தியையே உட்கார்ந்து பார்ப்போம். ஒரு சொல் புரியாது, ஆனால் ஒருத்தர் எழுந்து போக மாட்டோம். இப்போ ராத்திரி ஒன்பது மணி விவாதம் தமிழில்தான் நடக்கிறது. ஆறு கட்டத்தில் ஆறு பேர், ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.

தம்பி: அது புரிகிறதா?

அண்ணாச்சி: சிங்களமே தேவலை. அதில் ஒருத்தர்தான் பேசுவார்.

(மறுபடி சினிமாவுக்கு மாற்றுகிறார். டி.வி.யிலிருந்து அலறல். அண்ணாச்சி கத்தியைத் தூக்கியபடி திரும்புகிறார்.)

அண்ணாச்சி: வந்துவிட்டான் அரிவாளோடு! முதுகுப் பக்கம் சொருகியிருக்கிறானாம். பஸ்ஸில் எப்படி உட்காருவான்? நம்ம ஊரில் தினம் அரிவாளோடு அலைகிறவர் யார்? இளநீர் வெட்டுகிறவர். பனையேறுகிறவர். இவன்கள் காட்டுகிற மாதிரி நாம் என்ன, எடுத்ததுக்கெல்லாம் கோபப்படுகிற ஆட்களா? (கத்தி காற்றில் இரண்டு தடவை வீசப்படுகிறது.) எனக்குக் கோபம் வந்து நீ பார்த்திருக்கிறாயா? சொல்லு!

தம்பி: (அசையாமல்) ஒரு நாளும் இல்லை அண்ணாச்சி. தங்கமான மனுஷர் நீங்கள். அந்தக் கத்தியைக் கொஞ்சம் கீழே...

அண்ணாச்சி: பின்னே? இந்தச் சவத்துச் சினிமாவால் நமக்கு ஒரு பிரயோசனம் உண்டா?

தம்பி: எனக்கு ஒரு தடவை உண்டு.

அண்ணாச்சி: என்னது?

தம்பி: சென்னையில் வீடு காலி செய்தேன். வீட்டுக்காரர் அட்வான்ஸைத் தராமல் ஆறு மாசம் இழுத்தடித்தார். ஒரு நாள் போனில் பேச்சோடு பேச்சாக, எந்த ஊர் என்று கேட்டார். திருநெல்வேலி என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை, ஆண்டவன் சத்தியமாக. லைனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மறுநாள் காலையில் ஜி-பேயில் பணம் வந்துவிட்டது.

(அண்ணாச்சி டி.வி.யின் சத்தத்தைக் குறைக்கிறார்.)

அண்ணாச்சி: எவ்வளவு?

தம்பி: முப்பதாயிரம். பெயிண்டுக்குக் கூடப் பிடிக்கவில்லை.

அண்ணாச்சி: (கத்தியைத் துண்டுப் பேப்பரில் மெதுவாகத் துடைத்தபடி) என் மகனும் அங்கேதான் இருக்கிறான். வேளச்சேரியில். அவனுக்கும் நாற்பதாயிரம் நிற்கிறது. பையன் ரொம்ப மரியாதையாகப் பேசிப் பேசிக் கெடுத்துவிட்டான்.

தம்பி: அண்ணாச்சி, நீங்கள் சொல்ல வருவது...

அண்ணாச்சி: வீட்டுக்காரர் நம்பர் தருகிறேன். மகனுக்குச் சித்தப்பா பையன் என்று பேசு. மிரட்டவெல்லாம் வேண்டாம், அது நமக்கு ஆகாது. அந்த 'ஏலே'யை மட்டும் இடையில் தூக்கலாகப் போடு. எங்கே, ஒரு தடவை சொல்லு பார்ப்போம்.

தம்பி: (அண்ணாச்சியைப் பார்த்து, கண்ணை உருட்டி) ஏலே...

அண்ணாச்சி: என்னைப் பார்த்துச் சொல்லாதே, மூத்தவன் நிற்கிறேன்! கண்ணாடியைப் பார்த்துச் சொல்லு.