ரெகேவுக்கு முன்பே ஜமைக்காவுக்குப் பாட்டு இருந்தது

"ரெகேயை உருவாக்கியவர் பாப் மார்லி, அதற்கு முன் ஜமைக்காவுக்குச் சொந்த இசையே இல்லை" என்று நீங்கள் சொல்வது சரியில்லை. அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் அவர்தான், சரி. ஆனால் 1950களிலேயே அங்கே மென்ட்டோ என்ற நாட்டுப்புற இசை இருந்தது. சுதந்திரம் கிடைத்த 1962 வாக்கில் ஸ்கா. ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் வேகமான ஆட்டப் பாட்டு. 1966 வாக்கில் அந்த வேகம் தணிந்து, ஊதுகருவிகள் பின்னால் போய், பேஸ் கிட்டார் முன்னுக்கு வந்தது. அதுதான் ராக்ஸ்டெடி. பலரும் மறந்துவிடுகிற கட்டம் இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ரெகே கிளைத்தது இதிலிருந்துதான். 1968இல் ரெகே என்ற பெயரைப் பாட்டின் தலைப்பிலேயே வைத்தவர்கள் டூட்ஸ் ஹிபர்ட்டின் மேட்டல்ஸ் குழுவினர். அப்புறம், மார்லியே வெய்லர்ஸ் குழுவோடு 1964 வாக்கில் ஸ்கா பாடித்தான் அங்கே பெயர் வாங்கினார்.